வால்பேப்பர் விளக்கை அணைத்தது யார்?

தாமரை கன்னையாவிடம் உதவியாளராகச் சேர்ந்த பிறகு இருவரும் ஓடிப்போன கணவன்மாரைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள், ஓடிப்போகாமல் வீட்டுக்குள்ளேயே ஒளிந்திருந்த கணவன்மாரைத் தேடிக் கொடுத்திருக்கிறார்கள், ஒருமுறை ஒரு பேசும் கிளியைக்கூடப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் ஒரு விளக்கை அணைத்தது யார் என்று கண்டுபிடிக்கச் சொல்லி இதுவரை எவரும் வந்ததில்லை. அதுவும் எண்ணெய் கிடையாது, திரி கிடையாது, தொட்டால் சுடவும் சுடாது என்கிற மாதிரி ஒரு விளக்கு.

"கம்பியூட்டர்ல உள்ள விளக்கு," என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த விஷ்ணுப்ரியா. "வால்பேப்பர். ஆனா சும்மா படம் இல்ல, வீடியோ. சுடர் ஆடிக்கிட்டே இருக்கும்."

தாமரை நாக்கைக் கடித்துக்கொண்டாள். வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கக் கூடாது என்பது அந்த அலுவலகத்தின் ஒரே சட்டம். அதை அவள் வாரத்துக்கு நாலு முறையாவது மீறுவாள்.

கன்னையா சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. செத்துவிட்டதாகச் சொல்லிக் காப்புறுதிப் பணம் கேட்டவர்கள் உண்மையிலேயே செத்தார்களா என்று பார்த்துவருவதுதான் அவருடைய பழைய வேலை. அதில் பாதிப் பேர் வாசலுக்கே வந்து வரவேற்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவருக்கு எதுவும் விசித்திரமாகத் தெரிவதில்லை. பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்து, வேர்க்கடலை கொறித்தபடி ஊர் உலகத்துக் குழப்பங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

விஷ்ணுப்ரியா பெட்டாலிங் ஜெயாவில் பல் மருத்துவரிடம் தாதியாக இருக்கிறாள். கிள்ளான் துறைமுகத்தில் கப்பல் சரக்கு நிறுவனமொன்றில் வேலை செய்யும் திருச்செல்வத்துக்கு அவளைப் பேசியிருந்தார்கள். பேசி வைத்தது பக்கத்துத் தெருவில் திருமணத் தகவல் மையம் நடத்தும் புனிதவதி அம்மாள். பையனும் பெண்ணும் இரண்டு முறை வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டார்கள், ஒரு முறை படத்துக்குப் போனார்கள். படத்தில் இருவரும் ஒரே நேரத்தில் தூங்கிவிட்டார்கள். இதைவிட நல்ல பொருத்தம் எந்த ஜாதகத்திலும் கிடைக்காது என்று விஷ்ணுப்ரியா முடிவு செய்துவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை புனிதவதியின் அலுவலகத்தில், அந்தக் கணினி விளக்கின் முன்னால் தாம்பூலத் தட்டு மாற்ற ஏற்பாடு. திருச்செல்வத்தின் அம்மா குமுதா தட்டைக் கையில் எடுத்து நீட்டிய அந்த நொடியில் விளக்கு அணைந்தது. திரை முழுக்கக் கறுப்பு. குமுதா நீட்டிய தட்டை மார்போடு சேர்த்து இழுத்துக்கொண்டு, அம்மன் வேண்டாம் என்கிறாள், இந்தக் கல்யாணம் நடக்காது என்று சொல்லிவிட்டு மகனைக் கையோடு அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். வெள்ளிக்கிழமை பெண்ணின் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பப் போவதாகச் செய்தி வந்திருக்கிறது. இன்றைக்குப் புதன்.

"சாமிதான் அணைச்சுதுன்னா நான் ஒதுங்கிக்கிறேன், அங்கிள்," என்றாள் விஷ்ணுப்ரியா. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "ஆனா மனுஷங்க யாராச்சும் அணைச்சிருந்தா, எனக்கு அந்தப் பேர் வேணும். அவருக்கு அம்மான்னா உசுரு. அம்மா மனசு வைக்காம அவர் என்னையக் கட்டிக்க மாட்டாரு. கட்டிக்கிட்டா எனக்கும் அந்த ஆளப் புடிக்காமப் போயிரும்."

கன்னையா இரண்டு கடலையை வாயில் போட்டுக்கொண்டார். சாமி மேல் வழக்கு எடுப்பதில்லை என்றும், மனிதர்கள் மேல் என்றால் எடுக்கலாம் என்றும் சொன்னார்.

"சாமின்னா விலாசம் கண்டுபிடிக்கிறதே சுசா லா, கஷ்டம்," என்று சொல்லிச் சிரித்துவிட்டாள் தாமரை. ஆக, அன்றைக்கும் சட்டம் மீறப்பட்டது.

*

புனிதவதியின் அலுவலகத்தில் உள்ளறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே சாமி அறை இல்லை. கணினிதான் இருந்தது.

மேசை மேல் ஒரு பழைய டெஸ்க்டாப். அதன் வயதைக் கேட்டால் அதற்கே மறந்திருக்கும். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும், தலையில் மல்லிகைச் சரம். பக்கத்தில் கணினிப் பெட்டி, ஒரு பக்க மூடி கழற்றப்பட்டு, குடலெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தது. அதை நோக்கி ஒரு சின்ன மேசை விசிறி பலமாகச் சுழன்றுகொண்டிருந்தது. திரையில் ஐந்து முகக் குத்துவிளக்கு ஒன்று சுடரை இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டு நிஜம் போலவே எரிந்துகொண்டிருந்தது.

முன்பு இங்கே நிஜ விளக்குதான் இருந்ததாம். ஒருநாள் அது திரைச்சீலையையும் ஒரு மாப்பிள்ளையின் சட்டைக் கையையும் பதம் பார்த்துவிட்டது. கட்டட நிர்வாகத்தார் ஓடி வந்து, இனி இங்கே நெருப்பு என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கல்யாணம் பேசுகிற இடத்தில் விளக்கு இல்லாமல் எப்படி என்று புனிதவதி சோறு இறங்காமல் தவித்தபோது, கீழே கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் ரமணிதான் இந்த வீடியோ வால்பேப்பரைப் போட்டுக் கொடுத்தான். அன்று முதல் கணினி இரவும் பகலும் ஓடுகிறது. திரையில் திறக்கும் எந்தச் சன்னலும் விளக்கை மறைக்கக் கூடாது என்பது புனிதவதியின் கட்டளை. அதனால் எல்லா வேலையும் திரையின் வலது ஓரத்தில், உள்ளங்கை அகலத்தில்தான் நடக்கும். மாப்பிள்ளையின் பெயரைப் படித்துவிட்டு ஒருமுறை நகர்த்தினால் படிப்பு வரும், இன்னும் நகர்த்தினால் வேலை வரும், சம்பளம் வந்து சேர்வதற்குள் பெண் வீட்டார் களைத்துப்போய்ச் சரி என்று சொல்லிவிடுவார்கள்.

"ஒருநாளும் நூந்தது இல்லை, பிள்ளை," என்றார் யாழ்ப்பாணத்துப் பூர்வீகக்காரரான புனிதவதி, விளக்கு அணைவதை அந்த ஊரார் சொல்கிற மாதிரியே. "கரண்ட் போனாலும் எண்டு பேட்டரி வைச்சிருக்கிறன். எத்தினை கலியாணம் இந்த விளக்கு முன்னால பேசி முடிச்சிருக்கிறன்."

எண்ணெய் எப்போது மாற்றுவீர்கள் என்று தாமரை கேட்டாள். புனிதவதி அவளைத் தலையிலிருந்து கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டு, இந்த வாயோடு உனக்கு வரன் பார்ப்பது கஷ்டம் என்று தொழில்முறையில் ஓர் அபிப்பிராயம் சொன்னார்.

அன்றைக்கு யார் யார் எங்கே இருந்தார்கள் என்று கன்னையா கேட்டார். எல்லாரும் முன்னறையில் வடையும் கேசரியும் சாப்பிட்டுக்கொண்டு நின்றார்களாம். உள்ளறையில் மாப்பிள்ளையின் அம்மா மட்டும், விளக்குக்குப் பக்கத்து நாற்காலியில். அது புனிதவதி வைத்திருக்கும் முறை. மாப்பிள்ளையைப் பெற்றவருக்கு விளக்கடியில் இடம். மற்றவர்கள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்து, பேசி, சிரித்து, தட்டை எடுக்கும்போது விளக்கு போய்விட்டது.

இது நிச்சயமாக ரமணியின் வேலைதான் என்று புனிதவதி அடித்துச் சொன்னார். புதுக் கணினி வாங்குங்கள், புதுக் கணினி வாங்குங்கள் என்று அவன் வருஷக்கணக்காக நச்சரிக்கிறானாம். அன்றைக்கு அவனைக் கூப்பிட்டதும் கூப்பிட்ட வாயை மூடுவதற்குள் வந்து நின்றானாம். குற்றம் செய்தவன்தானே அவ்வளவு வேகமாக வருவான் என்று அவர் கேட்டதில் தாமரைக்கும் நியாயம் தெரிந்தது. பழுதுபார்க்கிறவர்கள் கூப்பிட்டதும் வந்த சரித்திரம் இந்த நாட்டிலேயே கிடையாது.

கன்னையா அறையில் இருந்த நாற்காலிகளில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து எழுந்தார், சினிமாக் கொட்டகையில் நல்ல இடம் தேடுகிறவர் மாதிரி. கடைசியாக விளக்கடி நாற்காலியில் உட்கார்ந்தார். விசிறி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. திரையில் சுடர் வலப்பக்கம் சாய்ந்தது, நிமிர்ந்தது, மறுபடி சாய்ந்தது. கன்னையாவின் வலது கை முழங்காலிலிருந்து கொஞ்சம் மேலே எழும்பியது. அவர் அந்தக் கையையே சந்தேகத்தோடு பார்த்துவிட்டு, சட்டென்று எழுந்து, ரமணியைப் பார்க்கலாம் என்றார்.

*

ரமணி தன் கடை மேசைக்குப் பின்னால் ஒரு கைப்பேசியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நுரை ததும்பும் தே தாரிக் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். தாமரை நேரே விஷயத்துக்கு வந்தாள். விளக்கை அணைத்ததை ஒப்புக்கொண்டால் பாஸ் கொஞ்சம் பார்த்துச் செய்வார் என்றாள். ரமணிக்குக் கோபம் வரவில்லை, அழுகை வந்துவிடும் போலிருந்தது.

அந்தக் கணினி அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டியது என்றான். சாதாரணப் படத்தை வால்பேப்பராக வைத்தால் கணினிக்கு ஒரு சிரமமும் இல்லை. வீடியோ வைத்தால், அது நாள் முழுக்க ஒரு படம் ஓட்டிக்கொண்டே மற்ற வேலையையும் பார்க்க வேண்டும். புதுக் கணினிக்கு அது பெரிய விஷயமில்லை. இந்தக் கிழத்துக்கு மூச்சு முட்டும், பெட்டி கொதிக்கும், கொதிப்பு எல்லை மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அணைந்துவிடும். சுடர் கொஞ்சம் ஆடாமல் இருக்கட்டும், சின்னதாக இருக்கட்டும், பாரம் குறையும் என்று அவன் கெஞ்சிப் பார்த்தானாம். விளக்கைச் சின்னதாக்கச் சொல்கிறாயா என்று புனிதவதி சண்டைக்கு வந்துவிட்டார். வேறு வழியில்லாமல்தான் பெட்டியின் மூடியைக் கழற்றி, விசிறியை வைத்து, அதைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

"அன்னிக்கி நான் போனப்போ பொட்டி மேல தோச ஊத்தலாம், அண்ணே. அவ்வளவு சூடு," என்றான். "தானாவே ஆஃப் ஆயிருச்சு. யாரும் சுவிட்ச அமுக்கல, வயர உருவல."

விசிறி ஓடவில்லையா என்று கன்னையா கேட்டார்.

"ஓடுச்சே. நல்லாத்தான் ஓடுச்சு. எதிர்ச் சுவத்துல காலண்டர் படபடன்னு அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. யாருக்கோ வேர்த்திருக்கும், திருப்பியிருக்காங்கன்னு நெனச்சு நான்தான் மறுபடி பொட்டிப் பக்கம் வச்சேன்."

கன்னையாவின் வாயில் கடலை அரைபடுவது நின்றது. தாமரை அதைக் கவனித்தாள். அவருடைய மூளை ஓடும்போது தாடை நின்றுவிடும். இரண்டுக்கும் ஒரே மின்சாரம் போலிருக்கிறது என்று அவள் அடிக்கடி நினைப்பதுண்டு.

இதைப் புனிதவதியிடம் சொன்னாயா என்று அவர் கேட்டார். பெட்டி சூடாகிவிட்டது என்று சொன்னானாம். சூனியம் என்று அவர் சொன்னாராம். அதற்கப்புறம் யார் பேச முடியும் என்று ரமணி கேட்டான். கன்னையா தலையாட்டிவிட்டு, அதே விளக்கு வீடியோவைத் தன் மடிக்கணினியிலும் வால்பேப்பராகப் போட்டுத் தரச் சொன்னார். ரமணி போட்டுக் கொடுத்தான். அதையும் புதிதாக மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது என்று வாய் வரை வந்ததை அவன் விழுங்கிக்கொண்டது நன்றாகவே தெரிந்தது.

*

விஷ்ணுப்ரியாவின் மைவி காரில் கிள்ளான் நோக்கிப் போனார்கள். நெடுஞ்சாலையில் வழக்கம்போல நெரிசல். முன்னால் ஒரு கொள்கலன் லோரி, பின்னால் ஒரு கொள்கலன் லோரி, நடுவில் இவர்கள் ரொட்டிக்குள் வைத்த முட்டை மாதிரி. விஷ்ணுப்ரியா ஒருமுறைகூட ஹாரனைத் தொடாமல் ஓட்டினாள். எதிர்காலத்தைத் தொலைத்துவிட்டுக் காரோட்டுகிறவர்களுக்கு நெரிசல் ஒரு பொருட்டே இல்லை.

பின்னிருக்கையில் தாமரை தன் ஊகங்களை அவிழ்த்துவிட்டாள். புனிதவதியின் தொழில் போட்டியாளர் யாரோ ஆள் வைத்து விசிறியைத் திருப்பியிருக்கலாம். இல்லையென்றால் மாப்பிள்ளையே கடைசி நேரத்தில் பயந்துபோய்த் திருப்பியிருக்கலாம். முன்னால் விஷ்ணுப்ரியாவின் தோள் விறைத்ததைப் பார்த்து, இரண்டாவது ஊகத்தை உடனே வாபஸ் வாங்கிக்கொண்டாள்.

கன்னையா நிதானமாகக் கேட்டார். "வேர்க்குதுன்னா ஃபேன எந்தப் பக்கம் திருப்புவ?"

தன் பக்கம் என்றாள் தாமரை.

"குளிருதுன்னா?"

அணைத்துவிடுவேன் என்றாள்.

"கம்பியூட்டரக் கெடுக்கணும்னா?"

அப்போதும் அணைத்துவிடுவேன் என்றாள்.

"அங்க ஃபேன யாரும் அணைக்கல. தன் பக்கமும் திருப்பல. சுவத்துப் பக்கம் திருப்பிருக்காங்க. அந்தப் பக்கம் நாற்காலிகூடக் கிடையாது. ஒரு காலண்டர்தான் தொங்குது. ஏன்?"

தாமரை யோசித்துப் பார்த்தாள். "காலண்டருக்கு வேர்த்திருக்கும், பாஸ்."

கன்னையா பெருமூச்சு விட்டார். காற்று வேண்டும் என்று திருப்பிய ஆள் இல்லை அது, காற்று வேண்டாம் என்று திருப்பிய ஆள் என்றார். தனக்கு வேண்டாம் என்றால் அணைத்திருப்பார். வேறு எதற்கோ அந்தக் காற்று ஆகாது என்று நினைத்திருக்கிறார். அதோடு கண்ணை மூடிக்கொண்டார். பாதிக் கதையில் கண்ணை மூடிக்கொள்கிற முதலாளியிடம் வேலை பார்ப்பது பெரிய கொடுமை என்று தாமரைக்கு எரிச்சலாக இருந்தது.

*

பண்டமாரானில் குமுதாவின் வீட்டைக் கண்டுபிடிக்க முகவரி தேவைப்படவில்லை. துறைமுக லோரி ஓட்டுநர்களுக்குச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர். தெருமுனையில் கேட்டால் போதும். கடைக்கு முன்னால் நின்றாலே அவர் குரல் கேட்கும். அவர் ஒரு தட்டு மீ கோரேங் என்று குரல் கொடுத்தால், சங்கு ஊதிவிட்டார்கள் என்று நினைத்துத் துறைமுகத்தில் கப்பல் ஒன்று நங்கூரம் தூக்கிவிடும் என்று ஓட்டுநர்கள் கேலி செய்வார்களாம்.

விஷ்ணுப்ரியாவைக் காரிலேயே இருக்கச் சொல்லிவிட்டு இருவரும் உள்ளே போனார்கள். மதியக் கூட்டம் ஓய்ந்து குமுதா வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் வேலைக்குப் போயிருந்தான். ஆஜானுபாகுவான பெண்மணி, மணிக்கட்டில் வளையல் இல்லை, நெற்றியில் திருநீற்றுக் கீற்று மட்டும். கன்னையா, பெண் வீட்டார் தரப்பில் ஞாயிற்றுக்கிழமை நடந்ததைப் பற்றிக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னார். கேட்பதற்கு என்ன இருக்கிறது, அம்மன் சொல்லிவிட்டாள் என்றார் குமுதா. ஆனாலும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து, கூடத்து மூலையில் தலையாட்டிக்கொண்டு நின்ற விசிறியின் வேகத்தையும் கூட்டிவைத்தார்.

கன்னையா மடிக்கணினியைக் குமுதாவுக்கு நேரே மேசை மேல் வைத்துத் திறந்தார். இதில்தான் எல்லா விவரமும் இருக்கிறது, கணினி தயாராகக் கொஞ்சம் நேரமாகும் என்றார். திரையில் குத்துவிளக்கு எரிந்தது. கணினி எப்போதோ தயாராகிவிட்டிருந்தது. அதில் ஒரு விவரமும் கிடையாது. தாமரைக்கு இவர் என்ன செய்கிறார் என்று புரியவே இல்லை.

குமுதா பேசிக்கொண்டே இருந்தார். பெண் தங்கமான பெண், அதில் குறையில்லை. ஆனால் சகுனம் என்று ஒன்று இருக்கிறதே. அதை மீறிச் செய்து நாளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு. விசிறி தலையைத் திருப்பி மேசைப் பக்கம் வந்தது. அதே நேரத்தில் திரையில் சுடர் சாய்ந்தது. குமுதாவின் இடது கை தன்பாட்டில் எழுந்து, விரல்களைக் குவித்து, திரைக்குப் பக்கத்தில் அணைவாக நின்றது. விசிறி அந்தப் பக்கம் போனதும் கை கீழே இறங்கியது. பேச்சு நிற்கவில்லை. விசிறி மறுபடி வந்தது, கை மறுபடி எழுந்தது. பெற்றவள் பயப்படத்தானே செய்வாள் என்று சொல்லிக்கொண்டே குமுதா நாற்காலியிலிருந்து எழுந்து போய், விசிறியின் மண்டையில் இருந்த குமிழை இழுத்து ஆட்டத்தை நிறுத்தி, அதன் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

உட்கார்ந்த பிறகுதான் இருவரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்தார். சுவரைப் பார்த்துச் சுழன்றுகொண்டிருந்த விசிறியைப் பார்த்தார். திரையில் எரிந்த விளக்கைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

தாமரைக்கு ஒரு ஹாஸ்யமும் வரவில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடப்பது அபூர்வம்.

"ஞாயித்துக்கெழமையும் இதத்தான் செஞ்சீங்க, அக்கா," என்றார் கன்னையா மெதுவாக.

வெளியே ஒரு லோரி போய் ஓய்ந்தது. அதற்குப் பிறகு வந்த குமுதாவின் குரல் லோரி ஓட்டுநர்கள் யாரும் கேட்டறியாத குரல்.

"நான் தாலி எறக்குனவ. அந்தம்மா என்னைய விளக்கடியில உக்காருங்கன்னு சொன்னப்பவே எனக்கு மனசு ஒப்பல. சொன்னா நல்லாருக்காதேன்னு உக்காந்தேன். காத்து அடிக்குது, சுடரு ஆடுது. எல்லாரும் வடை திங்கப் போயிட்டாங்க. அணைஞ்சிருமேன்னு பயந்துபோயி ஃபேன மட்டும் திருப்புனேன். வேற ஒண்ணுத்தையும் தொடல, சத்தியமா. தட்டெடுத்து நீட்டுறேன், போயிருச்சு. என் கை பட்டுத்தானே போச்சு? நான் வேற என்னான்னு நெனைக்கிறது?"

அம்மன் வேண்டாம் என்றதாகச் சொன்னது, தன் கையைச் சொல்ல வாய் வராததால்தான். தன் கை பட்ட கல்யாணம் அந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்றுதான் முடிவு செய்தார். மகன் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டுக் கடைக்காரியின் மகன் சாப்பிடாமல் இருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும் கொடுமையையும் அவர் சொன்னார்.

கன்னையா விஷயத்தை எளிமையாக விளக்கினார். அந்தக் காற்று விளக்குக்காக இல்லை, பெட்டிக்காக. பெட்டி கிழம், விளக்கு வீடியோ அதற்குத் தாங்க முடியாத பாரம். காற்று நின்றால் பெட்டி கொதித்து அணைந்துவிடும். விளக்கைக் காப்பாற்றுவதாக நினைத்து அவர் பெட்டியின் மூச்சை நிறுத்திவிட்டார். சகுனமும் இல்லை, கைராசியும் இல்லை, வெறும் சூடு.

குமுதாவின் முகத்தில் துக்கத்தோடு குழப்பமும் சேர்ந்துகொண்டது. "காத்தடிச்சாத்தான் எரியுமா?" என்றார். "என்னா விளக்கு அது?"

"ரோசாக் விளக்கு, ஆன்டி, கெட்டுப்போன விளக்கு," என்றாள் தாமரை. "ரமணியும் ரொம்ப நாளா இதத்தான் சொல்றான். யாரும் கேக்க மாட்டேங்கிறாங்க."

குமுதாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே நின்றது. அவர் பார்வை வாசலுக்குப் போயிருந்தது.

விஷ்ணுப்ரியா அங்கே நின்றுகொண்டிருந்தாள். காரில் இருக்கச் சொன்னால் யார் இருப்பார்கள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள், எதையெல்லாம் கேட்டாள் என்று தாமரைக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் முக்கியமானதையெல்லாம் கேட்டுவிட்டாள் என்று தெரிந்தது. காரின் முன்கண்ணாடி அருகே பிள்ளையாருக்குச் சாத்தியிருந்த மல்லிகைச் சரம் அவள் கையில் இருந்தது. காலையில் வாங்கியது, இன்னும் வாடவில்லை.

பெயர் வேண்டும் என்று வந்தவள் அவள். பெயர் கிடைத்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு ஒரு வாழ்நாள் முழுக்க மாமியாரை மடக்கலாம். தாமரை அவள் இடத்தில் இருந்திருந்தால் குறைந்தது ஒரு வருஷத்துக்காவது மடக்கியிருப்பாள். விஷ்ணுப்ரியா நேரே வந்து குமுதாவின் காலடியில் தரையில் உட்கார்ந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பூச்சரத்தைத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள்.

"வச்சு விடுங்க, அத்தே."

குமுதா கையை மடிக்குள் இழுத்துக்கொண்டார். பூ வைப்பதற்குச் சுமங்கலிகள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டு லெட்சுமியைக் கூப்பிடுகிறேன் என்று என்னென்னவோ சொன்னார்.

"லெட்சுமி அக்கா வச்சா நான் எடுத்துருவேன்," என்றாள் விஷ்ணுப்ரியா திரும்பாமலே. "அணையாத விளக்குன்னு எல்லாரும் பாத்துட்டு வடை திங்கப் போயிட்டாங்க. ஒரே ஒரு கைதான் அணைஞ்சிரக் கூடாதேன்னு பயந்துச்சு. எனக்கு அந்தக் கைதான் வேணும்."

கன்னையா மடிக்கணினியை மூடினார். மூடிய மடிக்கணினியையே ஏதோ முக்கியமான தடயம் மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாமரை மூக்கை உறிஞ்சினாள். வெங்காயம் நறுக்குகிற வாசனை வருகிறது என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

பூ வைக்க நேரமாகியது. குமுதாவின் விரல்கள் நாளெல்லாம் நூறு பேருக்குச் சோறு அள்ளிப் போடுகிறவை, ஆனால் ஒரு சின்ன கொண்டை ஊசியைச் செருகுவதற்குள் இரண்டு முறை நழுவவிட்டன. முடிந்ததும் அவர் அந்தத் தலையைக் கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்துப் புனிதவதிக்கு அழைத்தார். இந்த முறை குரல் தெருமுனை வரை கேட்டது.

"அம்மா, நான் பண்டமாரான் குமுதா பேசுறேன். ஒங்க விளக்க அணைச்சது நான்தான். ஆமா, நானேதான், வேற யாரும் இல்ல. ஞாயித்துக்கெழமை தட்டு மாத்துறோம். பொண்ணுக்கு நான்தான் பூ வைப்பேன். யாருக்காச்சும் அது புடிக்கலன்னா வடைய மட்டும் தின்னுட்டுப் போகச் சொல்லுங்க."